பழைய பீரோவும் படுத்த மயிலும்

எங்கள் வீட்டில் புத்தகங்கள் தரைக்கு இறங்கிவிட்ட ஒரு மழைக்காலத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. நாங்கள் அக்கா, தங்கை இருவர். ஒரே வீட்டில் வாழ்கிறோம். வாங்கும் புத்தகங்களைப் பங்கு பிரித்துக்கொள்வதில்லை. இந்தக் கட்டுரையையும் சேர்ந்தேதான் எழுதுகிறோம். எந்த வரி யாருடையது என்று எங்களை அறிந்தவர்கள் கண்டுபிடிக்க முயல வேண்டாம். எங்களுக்கே சில இடங்களில் தெரியவில்லை.

புத்தகங்களுக்கு ஒரு பீரோ வேண்டும். கடையில் கிடைக்கும் அழுத்தப்பலகை அலமாரிகளைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மழையில் ஒரு முறை அடிப்பகுதி நனைந்தால் ஊறிய ரொட்டிபோல உப்பிவிடும். பழைய மரபீரோவாகப் பார்க்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை இடிக்கப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று பால்காரர் சொன்னார்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பட்டு என்றால் காந்தி ரோட்டுக் கடைகள். கண்ணாடி, விளக்கு, குளிர்ச்சி. ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பட்டு என்பது தெருவில் நீட்டிய பாவும் திண்ணையில் தார் சுற்றும் பெண்களும் நடையைத் தாண்டும்போது கேட்கும் தறிச் சத்தமுந்தான். அந்த வீட்டில் சத்தம் இல்லை. தறி இருந்த கூடத்தில் குழி மட்டும் இருந்தது. குழித்தறியில் நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம். அதைப் பாதி மண்ணால் மூடி, மேலே பழைய பாய் ஒன்றைப் போட்டிருந்தார்கள். தறிக் கட்டைகள் விறகு விலைக்குப் போய்விட்டன என்றார் அந்த வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஒரகடத்துப் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார்.

"தறியே போச்சி, இது எதுக்கு? எடுத்துக்கினு போங்கம்மா" என்று மூலையில் நின்றதைக் காட்டினார். நெஞ்சளவு உயரம், இரட்டைக் கதவு, கீழே ஒரு இழுப்பறை. கண்ணைக் குத்தும் பச்சை எனாமல். 1,800 ரூபாய் என்று பேசி முடித்து, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டி தெருமுனை திரும்பும் வரை அந்த அம்மா வாசலில் நின்றார். விற்றவர் வாசலில் நிற்பது வழக்கம்தானே என்று அப்போது நினைத்தோம்.

*

பச்சை பீரோவை அப்படியே வைத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. எங்களில் இளையவள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே டிகூபாஜ் என்னும் கைவேலையில் ஈடுபாடு கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி, மரத்தட்டு, பூச்சாடி என்று வீட்டில் அசையாமல் நின்ற எல்லாவற்றிலும் படம் ஒட்டி முடித்துவிட்டு, பெரிய உருப்படி ஒன்றுக்காகக் காத்திருந்தாள்.

பெயர்தான் பிரெஞ்சு. 'வெட்டி எடுத்தல்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த அரக்குப் பூச்சு மரச்சாமான்களுக்காக ஏங்கினார்கள். விலையோ எட்டாத விலை. வெனிஸ் நகரத்துத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அச்சிட்ட படங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, ஓரம் பிசகாமல் வெட்டி, மரத்தில் ஒட்டி, மேலே பல முறை வார்னிஷ் பூசினார்கள். காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு வார்னிஷ் ஏறியதும் அது தீட்டிய ஓவியம்போல மின்னியது. 'ஏழையின் அரக்கு' என்று அதற்கு இத்தாலிய மொழியில் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற மூதாட்டி எழுபது வயதைக் கடந்தபின் காகிதத்தை வெட்டி ஒட்டி மலர்களைச் செய்யத் தொடங்கி, கண்பார்வை மங்கும் வரை செய்தார். அவருடைய 985 காகித மலர்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வெட்டி ஒட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எங்களைக் கேலி செய்யும் உறவினர்களுக்கு இந்த எண்ணை அவ்வப்போது நினைவூட்டுவோம்.

ஆனால் இதை வெனிஸிலிருந்து கற்க வேண்டிய நிலையில் நாம் இருந்ததில்லை என்பது எங்கள் எண்ணம். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் துணியும் சமிக்கியும் ஒட்டி, அச்சுப்படத் தேவிக்கு உண்மையான சேலை உடுத்தியிருக்கிறார்கள். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, நாள்காட்டிகளாக மளிகைக் கடை தோறும் தொங்கின. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் போகும். தெய்வத்தைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? வெட்டி எடுத்து டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மைதாப் பசையால் ஒட்டுவார்கள். எங்கள் பாட்டியின் பெட்டியில் முருகனும் அவனுக்குப் பக்கத்தில் ஒரு திரைப்பட நடிகையும் இருந்தார்கள். பாட்டி பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முருகனைத்தான் கும்பிட்டாள் என்று நம்புகிறோம்.

*

மரச்சாமானைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசி நாளைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். பளபளக்கும் கதவு, வந்து பார்த்து வியக்கும் விருந்தாளி. அதற்கு முன்னே தேய்ப்பு என்ற ஒன்று இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி அதுதான்.

ஆசாரி வந்து தட்டிப் பார்த்து, சட்டம் மட்டும் தேக்கு, பலகையெல்லாம் பலா என்றார். அடிப்பலகையில் கரையான் ஏறியிருந்தது. அதைக் கழற்றி வேறு பலகை போட்டு, கீல்களை மாற்றி, ஆட்டம் கொடுத்த காலுக்கு ஆப்பு வைத்தார். "பெயின்டை உரிச்சிட்டு பாலிஷ் போடுங்க, படம் கிடம் ஒட்டாதீங்க" என்று கேட்காத யோசனை ஒன்றையும் கூலியில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெயின்டுகளில் ஈயம் மிகுதி. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்த் தூளாக்கி மூச்சில் இழுப்பது, முக்கியமாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், பெரும் தீங்கு. ஆகவே முகமூடி அணிந்து, நீரில் நனைத்த உப்புத்தாளால், கொல்லைப்புறத்தில் வைத்துத் தேய்த்தோம். வழிந்த நீரைத் துணியில் ஒற்றி எடுத்தோம்.

பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் ஒரு மஞ்சள். அதற்கும் கீழே காவி. கதவின் நெற்றியில், ஆயுத பூஜை தோறும் வைத்த சந்தனம் குங்குமத்தின் கறை ஒவ்வொரு பூச்சையும் தாண்டி ஊறியிருந்தது. ஒரு வீட்டின் நல்ல நாட்கள் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதைப் பார்க்க எங்களுக்கு உற்சாகமாகவே இருந்தது. கைலாசநாதர் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே தேய்த்தோம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோயிலின் திருச்சுற்றில் 58 சிறு சன்னதிகள் உண்டு. 1931இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே பிற்காலப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்களைக் கண்டறிந்தார். இன்று போனாலும் சில சன்னதிகளில் ஒரு கண், ஒரு தோள், ஒரு மகுடத்தின் கோடு என்று துண்டு துண்டாகப் பார்க்கலாம். வெள்ளையடித்தவன் ஓவியத்தை மறைத்தானா, காப்பாற்றினானா என்பது எங்களுக்குள் பல காலமாக நடக்கும் வழக்கு. அன்றும் தீர்ப்பு வரவில்லை.

இந்தப் பேச்சின் நடுவேதான் அது நடந்தது.

பீரோவின் கதவுகளுக்கு உட்புறத்தில் எனாமல் இல்லை. வெறும் மரம், புகையும் எண்ணெய்ப்பிசுக்கும் ஏறிக் கறுத்திருந்தது. இரு கதவிலும் ஒவ்வொரு நாள்காட்டி லட்சுமி. வெதுவெதுப்பான நீரால் ஊறவைத்து லட்சுமிகளை எடுத்துவிட்டு, இளையவள் வலக்கதவை உள்ளே தேய்த்து முடித்தாள். நன்றாக வெளுத்து, பலாவின் மஞ்சள் தெரிந்தது. இடக்கதவுக்கு வந்து மேல்மூலையில் இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள். காபி கொண்டுவந்த மூத்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நிறுத்துடி" என்றாள்.

அழுக்கு என்று நாங்கள் நினைத்திருந்தது பென்சில். கதவு முழுக்க, மேலிருந்து கீழாக, பொடி எழுத்தில் வரிசை வரிசையாகக் கணக்கு. தேதி, பாவு, புடவை எண்ணிக்கை, ஜரிகை இத்தனை மார்க், கூலி, கழிவு. சில இடங்களில் ஒரு 'உ' போட்டுப் புதிய வரிசை தொடங்கியிருந்தது. வலக்கதவிலும் இதேபோல இருந்திருக்க வேண்டும். அது இப்போது கொல்லைப்புறத்து வாளியில் கலங்கிய நீராக இருந்தது.

எங்களுக்கு வந்த வெட்கத்தின் அளவைச் சொல்ல, எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோயில் திருப்பணிகளில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டுகளைத் தேய்த்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கொதித்தவர்கள் நாங்கள். இதற்காகக் கடிதம் எழுதியிருக்கிறோம். நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டின் முன்னால் நின்று, ஓர் ஊர்ச்சபை தன் விதிகளைச் சுவரில் எழுதிவைத்ததை வியந்து, உடன் வந்த பிள்ளைகளுக்குச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறோம். அதே நாங்கள், பத்து ரூபாய் உப்புத்தாளால், ஒரு மனிதர் தன் வீட்டில் எழுதிவைத்திருந்ததில் சரிபாதியைக் காபி வருவதற்குள் அழித்திருந்தோம். மணல் பீய்ச்சியவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? அவர்களும் சுத்தம்தான் செய்தார்கள். அழுக்கு என்றுதான் நினைத்தார்கள்.

*

பத்து நாட்கள் பீரோ அப்படியே நின்றது. மிச்சமிருந்த கதவை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. கைபேசியில் படமெடுத்துக்கொண்டு மேலே வண்ணம் பூசலாம், பாதிக் கணக்கை வைத்து என்ன செய்ய என்றாள் இளையவள். குற்ற உணர்ச்சியை விரைவாக மூடிவிட நினைக்கிறாய் என்றாள் மூத்தவள். சண்டை அலுத்தபின், இது எங்கள் இருவருக்குள் தீர வேண்டியதே அல்ல என்பது புலப்பட்டது. எழுதியவரின் மனைவி உயிரோடு இருக்கிறார். ஓரிக்கையில் மகனோடு வாடகை வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை போனோம். கதவின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினோம். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார். எழுத்தைப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது அவரு எழுத்துதான். முதலாளிகிட்ட வாங்கின கடன் கணக்கும்மா."

பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. வீட்டில் நல்லது கெட்டது வந்தால் அவரிடமே முன்பணம். அதை ஒவ்வொரு புடவையின் கூலியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். கழியும் முன்னே அடுத்த தேவை வந்துவிடும். முதலாளியின் நோட்டில் ஒரு கணக்கு இருக்கும். அதை நம்பாமலோ, நம்பினாலும் தனக்கு ஒன்று இருக்கட்டும் என்றோ, அவர் பீரோவின் கதவில் எழுதி வந்திருக்கிறார். நோட்டு தொலையும், பிள்ளைகள் கிழிப்பார்கள். கதவு எங்கே போகும்?

"வலப்பக்கம் என்ன எழுதியிருந்தார் அம்மா?" என்று கேட்டோம்.

"வலப்பக்கம் வாங்கினது. இடப்பக்கம் கட்டினது."

நாங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா சிரித்துவிட்டார். "வாங்கினதை அழிச்சிட்டீங்க, கட்டினது நிக்குது. நல்லதுதானே கண்ணு, இதுக்கா மூஞ்சி இப்படி வெச்சிக்கினு இருக்கீங்க? லட்சுமி படத்த ஒட்டுனதே நான்தான். தெனம் கதவத் தொறந்தா கடனு கண்ணுல படக்கூடாதுன்னு."

அதோடு முடிந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சற்று நேரம் கழித்து, மகன் கொண்டுவந்த தேநீரை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது வலப்பக்கந்தான் இருந்துது. தேதி போட்டிருப்பாரு."

மகள் இப்போது இல்லை என்பதைப் பிறகு மகன் வாசலில் வைத்துச் சொன்னார்.

பழையதைப் பற்றிய எங்கள் எண்ணங்கள் எவ்வளவு எளிமையானவை என்று திரும்பும் வழியில் பேசிக்கொண்டோம். எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தக் கதவின் முன் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கோ, மறைக்க வேண்டியதும் இருந்தது, மறக்கக் கூடாததும் இருந்தது. இரண்டும் ஒரே பலகையில், அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. எது எது என்று அவருக்குத்தான் தெரியும். வெளியாட்களான எங்களுக்கு ஒரே ஒரு கடமைதான் இருந்தது: உப்புத்தாளை எடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

*

புறப்படும்போது அந்த அம்மா பரணிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துத் தரச் சொன்னார். அவருடைய கணவரின் தம்பி புடவைக்கு டிசைன் போட்டவர். பொட்டலத்துக்குள் அவர் வரைந்த கிராஃப் தாள்கள். சிறு சிறு கட்டங்களில் சிவப்பு மையால் நிரப்பிய மயில், அன்னம், யாளி, மல்லிமொக்கு. ஒரு கட்டம் நிரம்பினால் அந்த இடத்தில் ஜரிகை மேலே வர வேண்டும் என்று பொருள். அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், எந்த இழை உயர வேண்டும் என்பதை அட்டை சொல்லும். ஜக்கார்டு என்பவர் இந்த அமைப்பைப் பிரான்சில் 1804இல் உருவாக்கினார். வெட்டிய காகிதத்தால் பட்டில் மயிலை எழுப்புவது காஞ்சிபுரத்தில் பல்லாண்டுகளாக நடந்து வருவதுதான். எங்கள் டிகூபாஜ் அதற்கு முன்னால் விளையாட்டுப் பிள்ளை. இப்போது டிசைன்களைப் பெரும்பாலும் கணினியில் போடுகிறார்கள். கையால் கட்டம் நிரப்பிய தாள்களுக்கு வேலை இல்லை.

"இத ஒட்டுங்க. வெள்ளைக்காரன் ரோஜாப்பூ எதுக்கு?" என்றார். ரோஜாப்பூ ஒட்டப் போகிறோம் என்று நாங்கள் சொல்லவேயில்லை. ஆனால் இளையவள் ரோஜாப்பூத் தாள்களைத்தான் வாங்கி வைத்திருந்தாள்.

மூலத்தாளில் கத்தரியை வைக்க எங்களுக்குத் துணிவு இல்லை. ஒரு முறை பட்டது போதும். வண்ண நகல் எடுத்தோம். இதில் கவனிக்க வேண்டியது, லேசர் நகலாக இருக்க வேண்டும். இங்க்ஜெட் நகல் என்றால் பசை பட்டதும் மை கலங்கி ஓடும். கதவின் வெளிப்புறத்துக்கு, தேய்ப்பில் வெளிவந்த நீலத்தை ஒத்த ஒரு நீலத்தைத் தேர்ந்தெடுத்துப் பூசினோம். ஓரத்தில் ஓரிடத்தில், உள்ளங்கை அளவுக்கு, பச்சையும் மஞ்சளும் காவியும் தெரியும்படி அப்படியே விட்டோம். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர். காகிதத்தின் பின்புறமும் மரத்திலும் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரத்துணியால் நீவினோம். முதல் முறை ஐப்பசி மழையில் ஒட்டி, ஈரக்காற்றில் பசை காயாமல், மயில்களுக்கெல்லாம் அம்மை வார்த்ததுபோல் கொப்புளம் கண்டு, உரித்தெடுத்தோம். பங்குனியில் மறுபடி ஒட்டியது நின்றது. ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் உலரவிட்டு, வார்னிஷ் ஏழு முறை. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு மிக நுண்ணிய உப்புத்தாளால் மெல்ல ஒரு தேய்ப்பு. அந்தத் தேய்ப்பின்போது எங்கள் கை நடுங்கியதைச் சொல்லத்தான் வேண்டும்.

உட்புறத்தில் இடக்கதவின் கணக்கு அப்படியே இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால், எழுத்து கலையாதபடி, ஒரு வீச்சில் பூசினோம். வலக்கதவு வெறுமையாக இருக்கிறது. அங்கே எதையாவது ஒட்டலாமே என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஒட்டவில்லை.

கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் சாளுக்கிய விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உண்டு. காஞ்சியை வென்று உள்ளே வந்தவன், கோயிலின் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது அது. ஏற்கெனவே இருந்ததை அழிக்காமல், தன் பங்குக்கு ஒரு தூணில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். 1,800 ரூபாய் கொடுத்து ஒரு பீரோவை வென்றவர்கள் அவ்வளவு பெருந்தன்மையோடு நடந்துகொள்ளவில்லை என்பது எங்கள் வரலாறு.

*

சித்திரையில் அந்த அம்மாவை அழைத்தோம். மகனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பீரோவை ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே அடுக்கியிருந்த புத்தகங்களைப் பொருட்படுத்தவில்லை. இடக்கதவைத் திறந்து ஒரு முறை கையால் தடவிவிட்டு மூடினார். பிறகு வெளிப்புறத்தில், கதவின் இரு ஓரத்திலும் பேட்டுபோல வரிசையாக நாங்கள் ஒட்டியிருந்த மயில்களை உற்றுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்பார் என்று காத்திருந்தோம்.

"எல்லாத்தையும் நிக்க வெச்சிட்டீங்களே" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. மயில் நிற்காமல்?

"தறியில பேட்டு இப்படி ஓரமா ஓடும். மயில் படுத்துக்கினுதான் இருக்கும். நெய்யறவங்களுக்கு அது படுத்த மயில். கட்டிக்கறவங்களுக்குத்தான் நிக்கும்."

கோர்வைப் புடவையில் பேட்டுக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். பேட்டு நாடாவைத் தள்ள நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த அம்மாதான் நெடுங்காலம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். ஆயிரக்கணக்கான மயில்கள் அவர் கையருகே பிறந்து, படுத்தபடியே சுருட்டப்பட்டுப் போயிருக்கின்றன. அவை எழுந்து நிற்பதை அவர் அதிகம் பார்த்ததில்லை.

உரித்துவிட்டு மாற்றி ஒட்டுகிறோம் என்றோம். வேண்டாம் என்று கையமர்த்தினார். "நிக்கட்டும். உங்க ஊட்டுல நிக்கட்டும்."

மயில்கள் நிற்கின்றன. கிராஃப் தாள்களின் மூலங்கள் கீழே இழுப்பறையில், கர்ப்பூரம் போட்டு, தட்டையாக வைக்கப்பட்டிருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் அந்த வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம். பீரோவைப் பார்க்கும் நண்பர்கள் எங்கே வாங்கினீர்கள், எந்த வார்னிஷ், எத்தனை பூச்சு என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறோம். கூடவே ஒன்றையும் சொல்கிறோம். பழைய மரச்சாமான் வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளைத் தேட வேண்டாம். கதவைத் திறந்து, விளக்கை அருகே பிடித்து, உள்ளே பாருங்கள். பிறகு விற்றவர் வீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள். வண்டி திரும்பும் வரை அவர் வாசலில் நின்றிருந்தால், கட்டாயம் போய்வாருங்கள்.